பிள்ளைகளுக்கு வடிவமைப்பு: அட்டைப்பெட்டி, ஈர்க்குச்சி, ஒரு எலுமிச்சம்பழம்

பள்ளியில் ‘புராஜெக்ட்’ கொடுத்த அன்று மாலை ஏதாவது ஒரு ஸ்டேஷனரி கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். தெர்மோகோல், மினுமினுப் பசை, வண்ணச் சார்ட், வெட்டி ஒட்டினால் போதும் என்று அச்சடித்த படத்தாள் எல்லாம் அம்மா அப்பா கையில் இருக்கும். பிள்ளை பக்கத்தில் நின்று சாக்லேட் கேட்டுக்கொண்டிருக்கும். மறுநாள் வகுப்பில் வரிசையாக எரிமலைகள், வரிசையாகச் சூரியக் குடும்பங்கள். எல்லாமே அழகாக இருக்கும். எதுவும் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. பாதியைப் பிள்ளை தொட்டுக்கூடப் பார்த்திருக்காது.

இப்போது வேறொன்றைக் கற்பனை செய்யுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் நோட்டும் பேனாவுமாகக் கை கழுவும் குழாய்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் மதியச் சாப்பாடு முடிந்து தட்டோடு வருகிறார்கள். குழாய் எட்டவில்லை. ஒருவன் குதித்துப் பார்க்கிறான். ஒருத்தி தொட்டி விளிம்பில் வயிற்றைச் சாய்த்துத் தொங்குகிறாள். சட்டையின் முன்பக்கம் தெப்பலாக நனைகிறது. இன்னொருவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையை டவுசரில் துடைத்துக்கொண்டு ஓடுகிறான். பெரியவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த நாள் அட்டையிலும் சணலிலும் எதையோ கட்டி எடுத்துவந்து அதே குட்டிகளிடம் கொடுக்கிறார்கள். அது பிய்ந்துபோகிறது. எங்கே பிய்ந்தது என்று பார்த்து மறுபடி கட்டுகிறார்கள்.

வடிவமைப்புச் செயல்முறை என்று பெரிய பேராகச் சொல்வது இந்த வேலையைத்தான். ஒருவருக்கு இருக்கும் சிரமத்தைக் கண்ணால் பார்ப்பது, அதை ஒரே வாக்கியத்தில் பிடிப்பது, தீர்க்கப் பல வழிகளை யோசிப்பது, ஒன்றை மலிவாகவும் வேகமாகவும் செய்து அவர் கையிலேயே கொடுப்பது, அவர் படும் பாட்டைப் பார்த்துத் திருத்துவது. திருத்தியதை மறுபடி அவர் கையில் கொடுப்பது.

அறிவியல் சோதனையில் விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். கைவேலை வகுப்பில் செய்து முடித்தது எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே தெரியும். இங்கே இரண்டும் தெரியாது. ஆசிரியருக்கும் தெரியாது என்பதுதான் பல ஆசிரியர்களுக்கு முதலில் சங்கடம்.

இதன் படிகளை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எண்ணுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளி ஐந்து படி சொல்கிறது: பயன்படுத்துபவரைப் புரிந்துகொள், சிக்கலை வரையறு, யோசனைகளைக் குவி, மாதிரி செய், சோதி. அகமதாபாத்தில் 2001இல் ரிவர்சைடு பள்ளியைத் தொடங்கிய கிரண் பீர் சேத்தி, பிள்ளைகளுக்காக அதை நான்காகச் சுருக்கினார்: உணர், கற்பனை செய், செய், பகிர். 2009இல் அவர் தொடங்கிய ‘டிசைன் ஃபார் சேஞ்ச்’ இயக்கம் இந்த நான்கையும் பல நாட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 முதல் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ தனிப் பாடமாகவே தேசியப் பாடத்திட்டத்தில் நுழைந்தது.

படி நான்கா ஐந்தா என்று மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை. அறுகோணப் பெட்டிகளில் ஐந்து படிகளை எழுதி, வண்ண ஒட்டுத்தாள்களோடு சுவரில் மாட்டியிருக்கும் வகுப்பறைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். சுவரில் இருப்பது பெரும்பாலும் தேர்வுக் கேள்வியாக மாறிவிடும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளை இரண்டாவது மாதிரி செய்ததா? முதல் மாதிரியோடு நின்றால் அது கைவேலை. யாரோ ஒருவர் அதைப் பயன்படுத்தத் திணறியதைப் பார்த்துவிட்டு இரண்டாவது செய்தால், அப்போதுதான் வடிவமைப்பு தொடங்குகிறது.

ஒரு சொம்பைக் கேள்வி கேட்பது

எதையும் செய்யச் சொல்வதற்கு முன்னால், ஏற்கெனவே நன்றாகச் செய்யப்பட்ட ஒரு பொருளைப் பார்க்கப் பழக்குவது நல்லது. இதற்கு ஒரு அருமையான முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியை இந்திய அரசு அழைத்திருந்தது. அவர்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானதற்கு அந்த அறிக்கைதான் அடித்தளம். கிரண் பீர் சேத்தி படித்ததும் அங்கேதான்.

இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருட்களிலேயே அவர்கள் மிகவும் வியந்தது லோட்டாவை, அதாவது நம் வீட்டுச் சொம்பை. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்கள் நகரவில்லை. அதை இன்று புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தால் எவற்றையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டார்கள். ஒருவர் ஒரு தடவையில் எவ்வளவு தண்ணீர் கொண்டுபோவார்? தலையிலா, இடுப்பிலா, கையிலா? நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கிறது, காலியாக இருக்கும்போது எங்கே? ஊற்றும்போது தண்ணீர் எப்படி விழுகிறது? உள்ளே சூடாக இருந்தால் பிடிக்க முடியுமா? தரையில் வைத்தால் என்ன சத்தம் வரும்? என்ன விலை? பழசானால் உலோகத்துக்கு என்ன கிடைக்கும்? தனி ஒருவர் இதை வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறை மனிதர்கள் சேர்ந்து செதுக்கியது என்பது அவர்கள் முடிவு.

இதை அப்படியே ஒரு பாடவேளைச் செயல்பாடாக மாற்றலாம். மேசைமேல் ஒரு சொம்பு, ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு துணி கிளிப். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆளுக்கொரு பொருள். ஒரே ஒரு விதி: பதில் சொல்லக் கூடாது, கேள்விதான் எழுத வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ‘இது எதனால் ஆனது’ போன்ற பாடப்புத்தகக் கேள்விகள் வரும். அவை தீர்ந்த பிறகுதான் சுவாரஸ்யம். டம்ளருக்கு ஏன் மேல்விளிம்பு வெளியே மடங்கியிருக்கிறது? துணி கிளிப்பின் வாயில் ஏன் பள்ளம் பள்ளமாக இருக்கிறது? குடத்துக்கு ஏன் கழுத்து? பிறகு டம்ளரில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றித் தூக்கச் சொல்லுங்கள். விரல் எங்கே போகிறது என்று அவர்களே பார்ப்பார்கள்.

குடத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். பித்தளை போய்ப் பிளாஸ்டிக் வந்தது; அச்சில் வார்ப்பதென்றால் எந்த வடிவத்திலும் வார்த்திருக்கலாம், சதுரமாகக்கூட. ஆனாலும் தண்ணீர் லாரி வரிசையில் நிற்கும் பச்சை, நீலம், ஆரஞ்சுக் குடங்கள் எல்லாம் பழைய பித்தளைக் குடத்தின் வடிவத்திலேயே இருக்கின்றன. பொருள் மாறியது, இடுப்பு மாறவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைக் கேள்வியாக மட்டும் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விடை வகுப்பிலிருந்தே வரும்.

பார்ப்பதும் கேட்பதும்

செயல்முறையில் மிகவும் கடினமான பகுதி இதுதான். பெரியவர்களுக்கே வராது. எல்லோருக்கும் உடனே ‘என்ன செய்யலாம்’ என்று தாவிவிட ஆசை.

ஸ்டான்ஃபோர்டில் புதியவர்களுக்குக் கொடுக்கும் பிரபலமான பயிற்சி ஒன்று உண்டு. இருவர் இருவராக உட்கார்ந்து, எதிரில் இருப்பவருக்காக ஒரு மணிபர்ஸை வடிவமைக்க வேண்டும். அவரிடம் பேசி, அவர் பர்ஸை எடுத்துக் காட்டச் சொல்லி, அதில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று கேட்டு, பிறகு காகிதத்தில் செய்துகாட்ட வேண்டும். நம் பிள்ளைகளிடம் பர்ஸ் இருக்காது, ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கும். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘உனக்கு எப்படிப்பட்ட பாக்ஸ் வேணும்?’ என்று கேட்டால், ‘கலர் கலரா, கார்ட்டூன் படம் போட்டு, கால்குலேட்டரோட’ என்று விளம்பரத்தில் பார்த்ததையெல்லாம் சொல்வார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘உன் பாக்ஸைத் திறந்து காட்டேன். கடைசியா எப்போ இதனால உனக்கு எரிச்சல் வந்துச்சு? அப்போ என்ன நடந்துச்சு?’ என்று கேட்க வேண்டும்.

ஒரு உரையாடல் இப்படிப் போகலாம்:

“கடைசியா எப்போடி எரிச்சல் வந்துச்சு?”
“நேத்து. பைக்குள்ளயே திறந்துக்கிச்சு. காம்பஸ் முள்ளு நோட்டைக் கிழிச்சிடுச்சு.”
“அப்புறம் என்ன பண்ணின?”
“ரப்பர் பேண்ட் போட்டேன். அது அறுந்துபோச்சு. இப்போ காம்பஸை மட்டும் டிபன் பையில வச்சிருக்கேன்.”

கவனியுங்கள், கார்ட்டூன் படம் காணாமல் போய்விட்டது. அந்தப் பெண் தன் சிக்கலுக்குத் தானே இரண்டு தற்காலிக வழிகளையும் கண்டுபிடித்திருக்கிறாள். ரப்பர் பேண்ட், டிபன் பை. மனிதர்கள் இப்படி ஒட்டுப்போட்டுச் சமாளிக்கும் இடங்களைத் தேடச் சொல்வதுதான் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய ஒரே துப்பு. ஆடும் மேசையின் காலுக்குக் கீழே மடித்து வைத்த அட்டை, கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுத்த செங்கல், சுவிட்சில் ஒட்டிய துண்டுத் தாள் எல்லாம் அந்த வகைதான். பள்ளி முழுக்க இவற்றைத் தேடிவரச் சொல்லி ஒரு அரைமணி நேரம் அனுப்பிப் பாருங்கள். நோட்டு நிறைந்துவிடும்.

நேரில் போய்ப் பார்ப்பதன் பலனுக்குப் பிள்ளைகளிடம் சொல்லத் தகுந்த கதை டக் டீட்ஸுடையது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிகளை வடிவமைத்தவர். தன் கருவி எப்படி இயங்குகிறது என்று பார்க்க ஒரு மருத்துவமனைக்குப் போனார். ஸ்கேன் எடுக்க வந்த சின்னப் பெண் அந்த அறையைப் பார்த்ததுமே அழத் தொடங்கினாள். பயத்தில் அசையாமல் படுக்க முடியாததால் குழந்தைகள் பலருக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. கருவியில் கோளாறே இல்லை, ஆனால் குழந்தைக்கு அது ஒரு பூதம். பிறகு அவர் குழந்தைகளோடு பழகி, அறையையே மாற்றினார். சுவர், தரை, கருவி எல்லாவற்றிலும் கடற்கொள்ளையர் கப்பலாகவும் விண்கலமாகவும் ஓவியம். ஸ்கேன் எடுப்பவர் குழந்தையிடம் சொல்ல ஒரு சாகசக் கதை. உள்ளே இருக்கும் காந்தத்தைத் தொடவே இல்லை. மயக்க மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்தது.

பார்த்ததையும் கேட்டதையும் ஒரு வாக்கியமாக்கும் வேலை அடுத்து வருகிறது. வடிவம் எளிது: இன்னாருக்கு, இன்னது செய்ய வேண்டியிருக்கிறது, ஆனால் இன்ன காரணத்தால் முடியவில்லை. பிள்ளைகள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. ‘ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்டூல் வேண்டும்’ என்று எழுதுவார்கள். ஸ்டூல் என்று எழுதிய கணமே யோசனை முடிந்துவிட்டது. ‘ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சட்டை நனையாமல் கை கழுவ வேண்டும், ஆனால் குழாய் அவர்கள் உயரத்துக்கு மேல் இருக்கிறது’ என்று எழுதினால் கதவு திறந்தே இருக்கும். குழாயை இறக்கலாம், தண்ணீரை இறக்கலாம், பிள்ளையை ஏற்றலாம், கை கழுவும் இடத்தையே மாற்றலாம். ஈரமான சிமெண்ட் தரையில் ஸ்டூல் வழுக்கும் என்பதையும் அப்போதுதான் யாராவது சொல்வார்கள்.

யாருக்காக வடிவமைப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ‘உலக வெப்பமயமாதலுக்குத் தீர்வு’, ‘ஏழைகளுக்கு வீடு’ என்று பெரிய தலைப்பைக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் பார்த்திராத மனிதர்களுக்காகச் செய்தால், இரண்டாவது மாதிரியை யாரிடம் கொடுத்துச் சோதிப்பது? பள்ளிக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய அண்டாவிலிருந்து சாம்பார் மொள்ளும் சத்துணவு அக்கா, மைதானம் கூட்டும் பெரியம்மா, மாடிப்படி ஏறச் சிரமப்படும் ஓர் ஆசிரியர், கீழ் வகுப்புத் தம்பி தங்கைகள். பெரியவர்களிடம் கேட்கப் போகும்போது, “உங்க வேலையைப் பத்தித் தெரிஞ்சுக்க வந்திருக்கோம்க்கா, கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னு பார்க்கலாமா?” என்று அனுமதி கேட்டுத் தொடங்கப் பழக்க வேண்டும். அவர் வேலையில் குறை கண்டுபிடிக்க வந்த மாதிரி ஆகிவிடக் கூடாது.

எட்டுக் கட்டம்

யோசனைக்கு நீளமாக ஒன்றும் தேவையில்லை. ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். எட்டு நிமிடத்தில் எட்டு வழி, கட்டத்துக்கு ஒன்று, படமாகத்தான் வரைய வேண்டும். முதல் மூன்று எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். ஐந்தாவதுக்குப் பிறகு கிறுக்குத்தனமாக வரும்: குழாய்க்கு யானைத் தும்பிக்கை, குரங்கு பிடித்துத் தூக்கும் வாளி. சிரிக்கட்டும். தும்பிக்கை என்று வரைந்தவன்தான் பிறகு பழைய ஹோஸ் பைப்பைக் கொண்டுவருவான். படம் வரையத் தெரியாது என்று தயங்கும் பிள்ளைக்குக் கோட்டு மனிதர்கள் போதும் என்று முதலிலேயே கரும்பலகையில் வரைந்துகாட்டி விடுங்கள்.

கையால் யோசிப்பது

பேச்சும் படமும் முடிந்து கை இறங்கும் கட்டம் இது. நேரே தங்கள் சிக்கலுக்குப் போகும் முன், ஒரு பாடவேளை விளையாட்டு ஒன்றை நடத்தினால் நல்லது. பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கி, டாம் வூஜெக் 2010இல் ஒரு டெட் உரையில் பிரபலமாக்கிய ‘மார்ஷ்மெல்லோ சவால்’ அது. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 20 ஸ்பகெட்டி குச்சி (வேகவைக்காத, குச்சி போல நீண்ட நூடுல்ஸ்), ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். 18 நிமிடத்துக்குள் தானாக நிற்கும் கோபுரம் கட்டி, உச்சியில் மிட்டாயை வைக்க வேண்டும். உயரமான கோபுரம் வெல்லும்.

ஸ்பகெட்டிக்காக சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓட வேண்டாம். தென்னந்துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி போதும், மிட்டாய்க்குப் பதில் ஒரு சின்ன எலுமிச்சம்பழம். ஈர்க்குச்சி ஸ்பகெட்டி போலப் படக்கென்று ஒடியாது, வளையும். அதனால் விளையாட்டு கொஞ்சம் வேறு மாதிரிப் போகும். அடிப்பக்கம் தடித்த குச்சிகளாகப் பார்த்துக் கொடுங்கள். எலுமிச்சைக்குப் பார்வைக்குத் தெரியாத கனம் உண்டு, அதுதான் இங்கே வாத்தியார்.

வூஜெக் பல நாடுகளில் இதை நடத்திப் பார்த்துச் சொன்னது பலருக்கு ஆச்சரியம். மழலைப் பள்ளிக் குழந்தைகள் மேலாண்மைப் பட்டதாரிகளை விட உயரமாகக் கட்டினார்கள். பட்டதாரிகள் முதலில் யார் தலைவர் என்று தீர்மானித்து, திட்டம் தீட்டி, படம் போட்டு, கடைசி நிமிடத்தில் மிட்டாயை உச்சியில் வைப்பார்கள், மொத்தமும் சரிந்துவிடும். குழந்தைகள் தொடக்கத்திலிருந்தே மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னதாக ஒன்று கட்டி வைத்துப் பார்த்து, விழுந்தால் இன்னொன்று கட்டிப் பார்த்தார்கள். எல்லோரையும் விட நன்றாகக் கட்டியவர்கள் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும்தான் என்பதையும் அவர் சொன்னார். அதுவும் ஆறுதலான விஷயம்.

விளையாட்டு முடிந்ததும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எந்தக் குழு எலுமிச்சையை எத்தனை நிமிடம் கழித்து முதன்முதலாக மேலே வைத்துப் பார்த்தது? ஆளாளுக்குச் சொல்லட்டும். கரும்பலகையில் உயரத்தையும் அந்த நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால், மேலே விளக்கம் தேவைப்படாது.

மூட்டும் குச்சியுமாகக் கட்டுவதில் இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு அரவிந்த் குப்தாவின் வழி இருக்கிறது. ஐஐடி கான்பூரில் பொறியியல் படித்து, புனேயில் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் வேலை செய்யப் போனார். கிராமப் பள்ளிப் பிள்ளைகள் செய்து கற்க வேண்டும் என்று 1972இல் தொடங்கிய திட்டம் அது. அங்கே அவர் உருவாக்கியதுதான் தீக்குச்சி மெக்கானோ (மெக்கானோ என்பது துண்டுகளை இணைத்துக் கட்டும் விளையாட்டுப் பொருள்). சைக்கிள் வால்வ் டியூப் என்ற மெல்லிய ரப்பர் குழாயைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினால் மடங்கக்கூடிய மூட்டு. நடுவில் முள்ளால் குத்தி மூன்றாவது குச்சியைச் செருகினால் மூவழி மூட்டு. சதுரம் நெளியும், முக்கோணம் நெளியாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி போட்டால் அதுவும் நிற்கும். இதைச் சூத்திரமாக எழுதிப்போடுவதற்கும் விரலால் உணர்வதற்கும் வித்தியாசம் பெரியது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வால்வ் டியூப் இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, பழைய சைக்கிள் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். மெழுகுத் தீக்குச்சி உதவாது, மரக்குச்சிதான். மருந்தை முதலிலேயே உரசியோ கிள்ளியோ எடுத்துவிடுவது ஆசிரியரின் வேலை.

வெறும் முக்கோணங்களோடு விட்டுவிடாமல், ‘தாத்தா படுக்கும்போது மூக்குக் கண்ணாடியை வைக்க ஒரு தாங்கி’ என்று ஓர் ஆளையும் தேவையையும் சேர்த்துவிட்டால் அதுவே வடிவமைப்புப் பயிற்சியாகிவிடும். தாத்தாவிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் வீட்டுப்பாடம்.

மட்டமான மாதிரி, பேசாத வாய்

முதல் மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்து வண்ணம் பூசி முடித்த பொருளை யாரும் கழற்றமாட்டார்கள். குறை சொன்னால் அழுகைதான் வரும். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டியதைப் பற்றிக் குறை சொன்னால், ‘சரி’ என்று பிரித்துவிடுவார்கள். தெர்மோகோல் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்: அது முதல் நொடியிலேயே கண்காட்சிக்குத் தயாரானது போல வெள்ளையாக நிற்கிறது.

ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனம் மூக்கு அறுவைச் சிகிச்சைக்கு ஒரு கருவி செய்துகொண்டிருந்தது. மருத்துவர்களோடு பேச்சு நடக்கும்போதே பொறியாளர் ஒருவர் அறையில் கிடந்த வெள்ளைப்பலகை மார்க்கர், பிலிம் டப்பா, துணி கிளிப் மூன்றையும் சேர்த்து ஒட்டி, ‘இந்த மாதிரியா?’ என்று நீட்டினார். பிடி எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு அந்தக் கோமாளிப் பொருளிலிருந்துதான் தெளிவானது. பிறகு வந்த உண்மையான கருவியிலும் அந்தத் துப்பாக்கிப் பிடி வடிவம் இருந்தது.

வகுப்பில் ஒரு பெரிய பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடை அட்டை, செய்தித்தாள், சணல், ரப்பர் பேண்ட், துணி கிளிப், தேய்ந்த ரப்பர் செருப்பு, கொட்டாங்கச்சி, காலி எண்ணெய்க் கேன், துணித்துண்டு, மைதா பசை. கேனை நன்றாகக் கழுவியபின் போடுங்கள். வெட்டும் கத்தி ஆசிரியர் கையில் மட்டும்.

குழாய் எட்டாத குட்டிகளுக்கு அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு தீர்வு வரலாம். ஜிம்பாப்வேயில் 1980களில் உருவாகி உலகெங்கும் பரவிய மிதிகுழாயைச் சிலர் பார்த்திருப்பீர்கள்: இரண்டு கவைக் கம்புகளுக்கு நடுவே ஒரு குறுக்குக் கம்பு, அதில் தொங்கும் 5 லிட்டர் கேன், கேனின் மேல்பக்கத்தில் ஒரு ஆணித்துளை, கழுத்திலிருந்து கயிறு இறங்கித் தரையில் ஒரு மிதிகட்டை. காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் விழும். காலை எடுத்தால் நிற்கும். சோப்பு தனிக் கயிற்றில் தொங்கும். உயரத்தை ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம்.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதா, அவர்களே வந்து சேரும்வரை காத்திருப்பதா என்பது ஆசிரியரின் விருப்பம். நான் காட்டிவிடலாம் என்பேன். காட்டினாலும் வேலை குறையாது. துளை பெரிதாகிவிட்டால் கேன் பத்துக் கைக்குள் காலியாகும், சிறிதானால் சோப்பு நுரை போகாது. கயிறு நீளமாக இருந்தால் மிதித்தும் கேன் அசையாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கால் எடை, கேன் நிறைந்திருக்கும்போது போதுமா? இதற்கெல்லாம் படம் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

கூப்பிட்டு நிறுத்தும் அந்தச் சோதனையில் ஒரே கட்டளை: செய்தவர்கள் பேசக் கூடாது. “டேய், அங்க மிதிக்கணும்டா!” என்று கத்தாமல் இருப்பது பன்னிரண்டு வயதில் பெரிய தவம். ஆனால் கத்திவிட்டால், சொல்லிக்கொடுக்காமல் அந்தக் குழந்தைக்கு மிதிகட்டை கண்ணில் பட்டிருக்குமா என்பது தெரியாமலே போய்விடும். நாளை அது தனியாக வரும்போது யார் கத்துவது? ஆகவே, ஒருவர் குழந்தையின் கையைப் பார்க்க வேண்டும், ஒருவர் காலை, ஒருவர் முகத்தை. மூவரும் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதினால் செல்லாது. ‘முதலில் கேனைக் கையால் இழுத்தாள், பிறகு கயிற்றைப் பார்த்தாள்’ என்று எழுதினால் அதிலிருந்து இரண்டாவது மாதிரி பிறக்கும். மிதிகட்டைக்குச் சிவப்பு வண்ணம் அடிக்கலாமா, பாதம் வரையலாமா என்று அப்போது அவர்களே பேசிக்கொள்வார்கள்.

நாற்பது நிமிடத்தில் எப்படி

ஆசிரியர்கள் கேட்பது எப்போதும் இதுதான். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். வாரம் ஒரு பாடவேளை என்று ஆறேழு வாரம் போதும்: பார்ப்பதற்கு ஒன்று, வாக்கியத்துக்கும் எட்டுக் கட்டத்துக்கும் ஒன்று, முதல் மாதிரிக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று, இரண்டாவது மாதிரிக்கும் அதன் சோதனைக்கும் மீதி. வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால் பாதிப் பேர் வெளியே பார்க்கப் போகும்போது மீதிப் பேர் தாள்வேலை செய்யட்டும். குழுவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது பிள்ளை எப்போதும் டேப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேட்டி எல்லாம் வேண்டாம். ‘வாசலில் படுத்திருக்கும் நாய்க்குட்டிக்கு மழைக்கு ஒரு கூரை’ என்று சொன்னாலே கட்டத் தொடங்கிவிடுவார்கள், நாயைக் கூப்பிட்டு உள்ளே படுக்கச் சொல்லியும் பார்ப்பார்கள். மூன்றிலிருந்து ஐந்து வரை பக்கத்து பெஞ்சுக்காரருக்காகச் செய்யலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் முழுச் சுற்றும், கூடவே செலவுக் கணக்கும்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால், வளரறி மதிப்பீட்டின் செயல்பாடுகளுக்குள் இதை அடக்கிவிடலாம். எதற்குப் போடுவது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். முடித்த பொருளின் அழகுக்குப் போட்டால் அடுத்த வாரமே அப்பாக்கள் களத்தில் இறங்கிவிடுவார்கள். முதல் மாதிரியையும் இரண்டாவதையும் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது, யாரைப் பார்த்து மாற்றினீர்கள் என்று கேட்டு, அந்தப் பதிலுக்குப் போடுங்கள். மாறாமல் அப்படியே இருந்தால், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பாதி மதிப்பெண்தான். பெற்றோர் கூட்டத்தில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள்.

இன்னொன்று, இடம். அட்டையும் மைதா பசையும் சேர்ந்தால் கரையானுக்கும் எலிக்கும் விருந்து. வகுப்பு அலமாரியில் மாதக்கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள். இரண்டு மாதிரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். சணல், கிளிப், ரப்பர் பேண்ட், கேன் எல்லாம் பெட்டிக்குத் திரும்பும். அட்டையில் நல்ல துண்டுகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம். பயன்பாட்டில் இருக்கும் பொருளை மட்டும் பிரிக்க வேண்டாம்.